ஒயில் அமுக்கமும் ஒயிலின் தடிப்பும்: பழைய கார் வைத்திருப்போருக்குச் சில விளக்கங்கள்

கரம்பொனிலிருந்து யாழ்ப்பாணம் போகும் வழி நாரந்தனை, சரவணை, வேலணை, அல்லைப்பிட்டி என நீண்டு, பண்ணைத் தாம்போதியைக் கடந்து நகருக்குள் நுழைகின்றது. நடுச்சாமத்தில் ஒருவருக்கு நெஞ்சுநோ வந்தாலும், ஒரு பெண்ணுக்குப் பிள்ளைப்பேற்று வலி கண்டாலும், பஸ் ஓடாத அந்த நேரத்தில் அயலில் நிற்கும் பழைய காரே எமக்குத் துணை. விடியற்காலையில் வெங்காயமும் மரக்கறியும் திருநெல்வேலிச் சந்தைக்குப் போவதும் பல வேளைகளில் அதே காரில்தான்.

1990ஆம், 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்தை விட்டு வெளியேறியபோது காணியோடும் கிணற்றோடும் வாகனங்களையும் விட்டு வந்த குடும்பங்கள் எம்மிடையே உண்டு. ஊர் திரும்பிய சிலர் நகையை விற்றும் சீட்டுக்காசை எடுத்தும் ஒரு பழைய மொறிஸ் மைனரையோ ஒஸ்ரினையோ வாங்கி வாடகைக்கு ஓடிப் பிழைக்கிறார்கள். 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை நாட்டில் கார் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய கார்களின் தேவை இன்னும் கூடியது. இத்தகைய குடும்பத்துக்குக் காரின் எஞ்சின் பிடித்துவிட்டால் காரை மட்டுமல்ல, உழைப்பையும் இழந்ததாகவே கொள்ளவேண்டும்.

எஞ்சின் பிடிப்பதற்கு முன்னர் பெரும்பாலும் எச்சரிக்கை கிடைக்கும். ஒயில் விளக்கு மினுங்கும், அல்லது அமுக்கமானியின் ஊசி இறங்கும். அந்த எச்சரிக்கையை நாம் எவ்வாறு விளங்கிக்கொள்கிறோம் என்பதே இக்கட்டுரையின் பொருள். ஏனெனில் எம்மிற் பலர் அதற்குச் செய்யும் முதல் வைத்தியம் தடிப்பான ஒயிலை ஊற்றுவது. விளக்கு அணைந்துவிடும், வருத்தம் உள்ளேயே இருக்கும்.

நாம் கண்ட ஒரு சம்பவம்

நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் கதை இது. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வீட்டுத் தலைவர் தமது மொறிஸ் மைனருக்குப் பெற்றோலுடன் மண்ணெண்ணெய் கலந்து ஓடினார். அந்நாட்களில் ஒருமுறை எம்மிடம் பெருமையாகச் சொன்னார்:

"பாதர், என்ர காருக்கு ஒயில் குறையிறதேயில்லை. இப்ப ரெண்டு மாசமாய் ஒரு சொட்டும் விடயில்லை. குறியைத் தாண்டிக்கூட நிக்குது."

"நல்ல எஞ்சின்தான் அண்ணை" என்று நாமும் சொல்லிவிட்டோம். அது எமது அறியாமை. பழைய எஞ்சின் ஒன்றில் ஒயில் சிறிதேனும் குறையவேண்டும். குறையாமல் ஏறுகிறதென்றால் வேறு ஏதோ ஒன்று உள்ளே சேர்கிறது என்பதே பொருள்.

சில வாரங்களின் பின் சந்தியில் நிறுத்தும்போது ஒயில் விளக்கு மினுங்கத் தொடங்கியது. கராஜ் ஒன்றில் கேட்டார். "தொண்ணூறு ஒயில் அரைப் போத்தல் விடுங்கோ" என்றார்கள். விட்டார், விளக்கு அணைந்தது. மூன்று மாதம் கழித்து, வெங்காய மூடைகளுடன் அல்லைப்பிட்டியை அண்மித்தபோது எஞ்சினின் அடியில் கடகடவென்று சத்தம் கேட்டது. திறந்து பார்த்தபோது பெயாறிங் உருகிக் கிராங் வெட்டுப்பட்டிருந்தது. நேரத்தோடு ஒயிலை மாற்றியிருந்தால் தப்பியிருக்கக்கூடிய எஞ்சின் அது. அங்கு என்ன நடந்தது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

அமுக்கம் எங்கிருந்து வருகின்றது?

ஒயில் பம்பைத் துலாவுக்கு ஒப்பிடலாம். துலா ஒவ்வொரு முறை தாழும்போதும் ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவரும். கூடவும் வராது, குறையவும் வராது. ஒயில் பம்பும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குறித்த அளவு ஒயிலை அள்ளி அனுப்புகின்றது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் கூடுதலாகவும், மெதுவாகச் சுற்றினால் குறைவாகவும் ஒயில் செல்லும்.

அந்தத் தண்ணீர் வாய்க்காலில் எவ்வளவு உயரத்துக்கு நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது துலா மட்டுமல்ல. வரம்பு உறுதியாக இருந்து, பாத்திகளின் வாய் சிறிதாக இருந்தால் வாய்க்கால் நிறைந்து ஓடும். கடைசிப் பாத்திக்கும் தண்ணீர் போகும். நண்டுவளையும் உடைந்த வரம்பும் இருந்தால் அதே துலா, அதே இறைப்பு, ஆனால் வாய்க்கால் தாழ்ந்துவிடும். கடைசிப் பாத்தி காயும்.

எஞ்சினின் பெயாறிங்குகளே அந்தப் பாத்திகள். கிராங்குக்கும் பெயாறிங்குக்கும் இடையிலுள்ள வெளி புதிய எஞ்சினில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு. அதாவது ஒரு தலைமயிரின் தடிப்பளவு. அந்த வெளிக்குள் ஒயில் நுழைந்து மெல்லிய படலமாக நிற்கின்றது. ஓடும்போது கிராங் உலோகத்தில் அல்ல, அந்தப் படலத்தின் மேலேயே மிதக்கின்றது. ஓரங்களால் வழியும் ஒயில் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு அடியிலுள்ள தொட்டிக்குத் திரும்புகின்றது.

எனவே அமுக்கம் என்பது ஒயில் வழிந்தோடுவதற்கு ஏற்படும் தடையின் அடையாளமே. ஊசி காட்டுவது வாய்க்காலின் நீர்மட்டத்தை. பாத்தி நனைந்ததா என்பதை அது நேரடியாகக் காட்டுவதில்லை. இந்த வேறுபாட்டை மறந்துவிடக்கூடாது.

எவ்வளவு அமுக்கம் போதும்? 1948 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்ட மொறிஸ் மைனர் வரிசையில், 'மைனர் 1000' எஞ்சினுக்கு, சூடான நிலையில் ஓடும்போது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 60 இறாத்தலும், நிறுத்தி மெதுவாகச் சுற்றும்போது 15 இறாத்தலும் உற்பத்தியாளர் குறித்த அளவுகள். அந்தக் கால ஒஸ்ரின் எஞ்சின்களும் இதற்கு மிகவும் விலகியவை அல்ல. தேய்ந்த எஞ்சினில் இது குறையும். ஆயிரம் சுற்றுக்குப் பத்து இறாத்தல் என்பது மெக்கானிக்மார் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. ஆகவே ஓடும்போது 35, 40 இறாத்தல் காட்டும் பழைய கார் இன்னும் பல காலம் உழைக்கும். விளக்கு மட்டும் உள்ள கார்களில் அமுக்கம் ஏறத்தாழ ஐந்து முதல் பத்து இறாத்தலுக்குக் கீழே இறங்கிய பின்னரே விளக்கு எரியும். அதாவது விளக்கு தரும் எச்சரிக்கை மிகவும் பிந்தியது.

தடிப்பு என்றால் என்ன?

பாணி காய்ச்சிய வீடுகளில் இதை விளக்கத் தேவையில்லை. அடுப்பில் கொதிக்கும்போது பாணி தண்ணீர்போல ஓடும். ஆறியதும் அகப்பையில் ஒட்டும். ஒயிலும் அப்படியே. சூட்டில் மெலியும், குளிரில் தடிக்கும். இக்குணத்தைப் பாடப்புத்தகங்கள் பாகுநிலை என்கின்றன.

ஒயில் போத்தலில் எஸ்.ஏ.ஈ. என்ற எழுத்துக்களுடன் வரும் எண் இத்தடிப்பையே குறிக்கின்றது. 30, 40, 50 என்ற எண்கள் 100 பாகை செல்சியசில், அதாவது எஞ்சின் நன்கு சூடேறிய நிலையில், அளந்த தடிப்பு. அந்த அளவுக்குச் சென்ரிஸ்ரோக்ஸ் என்று பெயர். சாதாரண வெப்பநிலையில் தண்ணீர் ஏறத்தாழ 1. எஸ்.ஏ.ஈ. 30 ஒயில் 100 பாகையில் 9.3 முதல் 12.5 வரை, 40 ஒயில் 12.5 முதல் 16.3 வரை; 50 ஒயில் 16.3 முதல் 21.9 வரை.

20டபிள்யூ-50 என்று இரண்டு எண்கள் இருந்தால், 'டபிள்யூ' சேர்ந்த முதல் எண் குளிர்காலத்துக்கு உரியது. உறைபனியில் எஞ்சினை இயக்கும்போது ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதை அது சொல்கின்றது. எமது தீவகத்தில் மார்கழி விடியற்காலையிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே 5டபிள்யூ, 10டபிள்யூ என்று முதல் எண்ணைக் குறைப்பதற்குக் கூடுதல் காசு கொடுப்பதில் எமக்குப் பெரிய நன்மையில்லை. நாம் பார்க்கவேண்டியது இரண்டாவது எண்ணையே.

தடிப்பான ஒயில் ஏன் மருந்தாகாது?

இங்கு ஒரு சிறு கணக்கைக் கவனியுங்கள். பெயாறிங்கின் வெளி தேய்ந்து இரண்டு மடங்கானால் அதனூடாக வழியும் ஒயில் இரண்டு மடங்காகாது; ஏறத்தாழ எட்டு மடங்காகும். இடைவெளியூடாக ஒயில் ஓடும் அளவு அந்த வெளியின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்பக் கூடுவதே காரணம். இரண்டை மூன்று தடவை பெருக்கினால் எட்டு.

மறுபுறம், 40 ஒயிலை விட்டு 50 ஒயிலுக்கு மாறினால் சூட்டில் தடிப்பு 14இலிருந்து 18 அளவுக்கே கூடும். அது காற்பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். எட்டு மடங்காக ஒழுகும் ஓட்டையைக் காற்பங்கு தடிப்பால் அடைக்க முடியுமா? ஊசி சிறிது ஏறும். தேய்ந்த பெயாறிங் தேய்ந்தபடியே இருக்கும்.

வாய்க்காலில் தண்ணீருக்குப் பதிலாகக் கூழை ஊற்றினால் மட்டம் உயர்ந்து நிற்கும். ஆனால் கடைசிப் பாத்திக்கு எப்போது போய்ச் சேரும்? அளவுக்கு மிஞ்சித் தடித்த ஒயிலும் காலையில் எஞ்சினை இயக்கியதும் மேலேயுள்ள வால்வு றொக்கர்வரை போய்ச்சேரத் தாமதிக்கும். எஞ்சின் மிகவும் தேய்வது அந்த முதற் சில விநாடிகளில்தான்.

இன்னொன்றும் உண்டு. அமுக்கம் எல்லை மீறாதபடி எஞ்சினில் ஒரு விடுவிப்பு வால்வு வைக்கப்பட்டிருக்கின்றது. ஒயில் மிகத் தடிப்பாக இருந்தால் அது திறந்து, பெயாறிங்குக்குப் போகவேண்டிய ஒயிலின் ஒரு பகுதியைத் தொட்டிக்கே திருப்பிவிடும். பில்டரின் பக்கவழி வால்வும் திறந்து, வடிக்கப்படாத ஒயில் உள்ளே போகக்கூடும். ஊசி 60ஐக் காட்டிக்கொண்டிருக்கும், நாம் மகிழ்ந்துகொண்டிருப்போம்.

தொண்ணூறு என்ற எண்ணின் மயக்கம்

கியர் ஒயிலின் 90ஐ எஞ்சின் ஒயிலின் 50ஐவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு தடிப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். சேரை இறாத்தலோடு ஒப்பிடுவதைப் போன்றது. 90 கியர் ஒயில் சூட்டில் எஞ்சின் ஒயிலின் 40க்கும் 50க்கும் அண்மித்த தடிப்பையே கொண்டது. மெலிந்துபோன ஒயிலுக்குள் அரைப் போத்தல் விட்டால் சிறிது தடிக்கும். ஆனால் புதிய 50 ஒயில் தராத எந்தத் தடிப்பையும் அது தந்துவிடாது.

அதோடு, கியர்ப்பற்களைக் காப்பதற்காக அதில் கந்தகம் சேர்ந்த பொருட்கள் கலக்கப்படுகின்றன. சூடான எஞ்சினுக்குள் அவை செம்பு சேர்ந்த பாகங்களை அரிக்கலாம். கரியைக் கழுவித் தாங்கும் சக்தியும் கியர் ஒயிலுக்கு இல்லை. எனவே கியர் ஒயிலைப் பின் அச்சுக்கு விட்டுவிடுவோம்.

மண்ணெண்ணெய் விட்டுச்சென்ற பாடம்

யாழ்ப்பாணத்துப் பழைய கார்களைப் பற்றிப் பேசும்போது மண்ணெண்ணெயை விட்டுவிட முடியாது. 1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் வடக்குக்குப் பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்டன. 1947இல் வந்த ஒஸ்ரின் ஏ-40 டெவன், 1952இல் வந்த சமசெற், 1957இல் வந்த ஏ-55 கேம்பிரிட்ஜ் போன்ற கார்களை எமது மெக்கானிக்மார் மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். காபுரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். நோயாளரும் முதியோரும் அகதிகளும் அந்தக் கார்களில் போனார்கள். அந்தத் திறமையை நாம் மதிக்கவேண்டும்.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. பெற்றோல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய் ஆவியாவதற்கு ஏறத்தாழ 150 பாகைக்கு மேற்பட்ட சூடு வேண்டும். முழுவதும் எரியாத துளிகள் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு, பிஸ்ரன் றிங்குகளைக் கடந்து கீழே தொட்டிக்குள் இறங்கும். எஞ்சின் ஒயிலின் சூடு 90, 100 பாகை அளவே. பெற்றோலாயின் பெரும்பகுதி அதில் ஆவியாகிப் போய்விடும், மண்ணெண்ணெய் அங்கேயே தங்கிவிடும். நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்ந்தாலே 50 ஒயில் 40 ஒயிலின் தரத்துக்கு மெலியக்கூடும். பத்துப் பங்கு சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். நாம் முன்னர் சொன்ன அண்ணையின் காரில் ஒயில் ஏறியதன் இரகசியம் இதுதான்.

இது எமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1949 முதல் பேர்குசன் நிறுவனம் மண்ணெண்ணெய் போன்ற மலிவான எரிபொருளில் ஓடும் ரக்ரர்களை விற்றது. அவற்றையும் பெற்றோலில் இயக்கி, சூடான பின்னரே மாற்றவேண்டும். எரிபொருள் ஒயிலோடு கலப்பது அங்கும் அறியப்பட்ட குறையே. அத்தகைய ரக்ரர் வைத்திருந்தோர் ஒயிலை அடிக்கடி பார்த்து அடிக்கடி மாற்றினார்கள். எமது கார்களோ அதற்கென அமைக்கப்பட்டவையும் அல்ல.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. அதனால் முன்னர் போன்ற இலாபமும் இதில் இல்லை. அவசரத்தில் ஓடியிருந்தால், பெற்றோலுக்குத் திரும்பிய உடனேயே ஒயிலையும் பில்டரையும் மாற்றிவிடவேண்டும். தொடர்ந்து ஓடவேண்டிய நிலை வந்தால் ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவதே நல்லது.

ஊசி இறங்கினால் செய்யவேண்டியவை

ஓடும்போது விளக்கு எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்கவேண்டும். "வீட்டை போய்ப் பாப்பம்" என்று ஓடுவது கூடாது. சூட்டில், நிறுத்திய நிலையில் மட்டும் மினுங்கி, சிறிது வேகம் கொடுத்ததும் அணைந்தால் ஆபத்து அவ்வளவு அவசரமானதல்ல. இரண்டிலும் பின்வரும் ஒழுங்கில் பாருங்கள். செலவு குறைந்ததிலிருந்து கூடியதற்குச் செல்லும் ஒழுங்கு இது.

1. அளவுக்கோலை இழுத்துப் பாருங்கள். ஒயில் கீழ்க்குறிக்கும் குறைவா? நிரப்புங்கள். மேற்குறியைத் தாண்டி நிற்கிறதா? சந்தேகப்படுங்கள்.

2. மணந்து பாருங்கள். மண்ணெண்ணெய், பெற்றோல் மணம் தெரியும். ஒரு சொட்டை வெள்ளை ஒற்றுத்தாளில் விட்டுச் சில மணிநேரம் வையுங்கள். நடுவிலுள்ள கறுப்பைச் சுற்றி அகன்ற, வெளிறிய வளையம் படர்ந்தால் எரிபொருள் கலந்திருக்கக்கூடும். ஒயில் பால்போல மாறியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கின்றது. அது வேறு வருத்தம், ஓடவே கூடாது.

3. விளக்கையும் மானியையும் சோதியுங்கள். எமது கடற்காற்றில் வயரும் விளக்கின் சுவிச்சும் விரைவில் துருப்பிடிக்கும். கராஜில் வேறொரு அமுக்கமானியை நேராக எஞ்சினில் பூட்டி, சூடான நிலையில் அளக்கச் சொல்லுங்கள். உண்மையான எண் தெரியாமல் எஞ்சினைக் கழற்ற விடவேண்டாம்.

4. ஒயிலையும் பில்டரையும் மாற்றுங்கள். சரியான தடிப்புள்ள புதிய ஒயிலோடு மீண்டும் அளந்து, இரண்டு எண்களையும் எழுதிவையுங்கள். மைனர் 1000க்குப் பில்டருடன் 3.7 லீற்றர் அளவு தேவைப்படும். கலப்படமே காரணமாயின் அமுக்கம் இதோடு திரும்பிவிடும்.

5. விடுவிப்பு வால்வைக் கழுவுங்கள். எஞ்சினின் பக்கத்தில் குமிழ்போன்ற நட்டின் கீழ் ஒரு சுருளியும் அடைப்பானும் இருக்கும். இடையில் தூசி அகப்பட்டால் வால்வு மூடாது. சுருளிக்குப் பின்னால் வாசர் போட்டு இறுக்கும் வழக்கம் பயனற்றது. அது வேகத்தில் எண்ணை ஏற்றுமேயன்றி, மெதுவாகச் சுற்றும்போதுள்ள குறையைத் தீர்க்காது.

6. தொட்டியைக் கழற்றி ஒயில் வடியைப் பாருங்கள். நெடுங்காலம் ஒயில் மாற்றாத எஞ்சினில் கரிச்சேறு வடியை மூடியிருக்கும். தொட்டி கழன்றிருக்கும்போதே ஒயில் பம்பையும் பெயாறிங்கையும் பார்க்கச் செய்யுங்கள். கிராங்கில் வெட்டு விழுவதற்கு முன்னர் பெயாறிங்கை மட்டும் மாற்றினாற் போதும். வெட்டு விழுந்தபின் கிராங்கைக் கடைந்து, சிறிய அளவுப் பெயாறிங் தேடவேண்டிவரும். செலவு பல மடங்கு.

எமது கார்களுக்கு எந்த ஒயில்?

மேற்சொன்னவற்றைப் பார்த்த பின்னரே இக்கேள்விக்கு வரவேண்டும்.

நல்ல நிலையிலும் நடுத்தரத் தேய்விலுமுள்ள பழைய மொறிஸ், ஒஸ்ரின் எஞ்சின்களுக்கு எமது வெப்பத்தில் 20டபிள்யூ-50 பொருத்தமானது. 15டபிள்யூ-40 விட்டு ஓடும் காரில் சூட்டில் விளக்கு மினுங்கினால் 20டபிள்யூ-50க்கு மாறுவது நியாயமான ஒரு படி. அதற்கு மேல் தடிப்பைத் தேடிப் போவது வைத்தியமல்ல. ஒயிலைத் தடிப்பாக்க விற்கும் கலவைகளும் இந்த வகையே. தனி 40 ஒயில் எமது காலநிலையில் பாவிக்கக்கூடியது. இரட்டை எண் ஒயில் கிடைக்கும்போது அது தேவையில்லை.

புதிய யப்பான் கார்களுக்குரிய 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்றவற்றை, விலை உயர்ந்தது நல்லது என்ற எண்ணத்தில், பழைய காருக்கு விடவேண்டாம். சிறிய வெளியுள்ள எஞ்சினுக்காக அமைந்த மெல்லிய ஒயில் அவை. மேலும், பழைய எஞ்சின்களின் கேம் தண்டு தேயாமல் காக்க, நாகமும் பொசுபரசும் சேர்ந்த ஒரு பொருள் ஒயிலில் வேண்டும். புதிய தர மெல்லிய ஒயில்களில் அதன் அளவுக்கு உச்ச எல்லை வைத்திருக்கிறார்கள். 20டபிள்யூ-50 போன்ற தடிப்புகளுக்கு அந்த எல்லை இல்லை.

போத்தலில் ஏ.பி.ஐ. என்ற குறிக்குப் பின் 'எஸ்' என்று தொடங்கினால் பெற்றோல் எஞ்சினுக்கும், 'சீ' என்று தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கும் உரியது. சிலவற்றில் இரண்டும் இருக்கும். பெற்றோல் காருக்கு 'எஸ்' குறி உள்ளதா என்று பாருங்கள். முத்திரை உடையாத போத்தலையே வாங்குங்கள். சில்லறையாக அளந்து தரும் ஒயில் மலிவென்றாலும் அதன் வரலாறு எமக்குத் தெரியாது.

5,000 கிலோமீற்றருக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது, ஒயிலை மாற்றுவது நல்லது. பல ஆண்டு கவனிக்கப்படாத காரை வாங்கியவர்கள் முதல் ஒயிலை 500 கிலோமீற்றரிலேயே வடித்துவிடவேண்டும். புதிய ஒயில் பழைய கரிச்சேற்றைக் கரைத்துக்கொண்டு வரும். அது வடியை அடைக்க விடக்கூடாது.

தண்ணீர் இறைக்கும் மிசின் வைத்திருப்போருக்கு

கார் இல்லாத வீடுகளிலும் தண்ணீர் இறைக்கும் மிசின் உண்டு. சிறிய மிசின்கள் பலவற்றில் ஒயில் பம்ப் இல்லை. அமுக்கமும் இல்லை, விளக்கும் இல்லை. உள்ளே ஒரு சிறு கரண்டி ஒயிலை அள்ளித் தெளிக்கும். அங்கு பாதுகாப்பு என்பது ஒயிலின் அளவும் சுத்தமும் மட்டுமே. ஹொண்டா ஜீ.எக்ஸ். 160 போன்ற எஞ்சினுக்குத் தேவையானது அரை லீற்றருக்குச் சற்று மேல். 10டபிள்யூ-30 ஒயிலை முதலில் 20 மணித்தியாலத்திலும், பின்னர் 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் மாற்றும்படி உற்பத்தியாளர் கூறுகின்றனர். மண்ணெண்ணெயில் ஓடும் மிசினுக்கு அதிலும் முந்தி மாற்றவேண்டும். காரணம் நாம் மேலே கண்டதே. மிசினை மட்டமான இடத்தில் வைத்து இறையுங்கள். சரிந்து நின்றால் கரண்டிக்கு ஒயில் எட்டாது.

வடித்த ஒயிலை எங்கே விடுவது?

பழைய ஒயிலைக் கிணற்றடியிலோ வேலியோரத்திலோ ஊற்றக்கூடாது. எமது நிலத்தின் அடியில் இருப்பது துளைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே விட்டது கீழே போய்ச்சேரும். தீவகத்தில் நல்ல தண்ணீர், உவர்நீரின் மேல் மெல்லியதாக மிதக்கும் ஒரு படை மட்டுமே. சுன்னாகத்தில் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்து மக்கள் பட்ட துன்பமும், 2019இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று அவர்கள் நட்டஈடு பெற்றதும் எமக்குப் பாடமாக இருக்கவேண்டும். வடித்த ஒயிலை மூடியுள்ள கானில் சேர்த்து, பழைய ஒயில் எடுக்கும் கராஜில் கொடுங்கள்.

முடிவாக

ஒயில் விளக்கு மினுங்கும்போது நாம் கேட்கவேண்டியது "எந்த ஒயிலை விட்டால் இது அணையும்?" என்பதல்ல, "ஏன் எரிகிறது?" என்பதே. காய்ச்சலுக்கு வெப்பமானியை உடைத்தால் காய்ச்சல் மாறுவதில்லை. ஒயில் குறைந்ததா, மெலிந்ததா, அடைபட்டதா, பெயாறிங் தேய்ந்ததா என்று வரிசையாகப் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் செலவு குறைந்த இடத்திலேயே விடை கிடைக்கும்.

நாம் சொன்ன அந்தக் குடும்பம் கடன்பட்டுக் கிராங்கைக் கடைந்து, எஞ்சினை மறுபடி கட்டியது. இப்போது காரின் கையுறைப் பெட்டிக்குள் ஒரு அப்பியாசக் கொப்பி இருக்கின்றது. ஒயில் மாற்றிய திகதி, கிலோமீற்றர், சூட்டில் காட்டிய அமுக்கம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்த்த ஒயில் மட்டம் ஆகியவற்றை மகள் அதில் எழுதுகிறாள். சென்ற மாதம் அவர் எமக்குக் காட்டினார். "பாதர், இந்தக் கிழமை கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்றார். நாம் இம்முறை மகிழ்ந்தோம்.